ஒரு தாவலின் விலை என்ன?

2006 மார்ச் 25, அட்லாண்டா. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியத் தொடரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் பல்கலைக்கழகமும் மோதின. வெல்லும் அணிக்குக் கடைசி நால்வரில் இடம். லூசியானா அணியில் டைரஸ் தாமஸ் என்றொரு முதலாண்டு வீரர் இருந்தார். உயரம் 6 அடி 9 அங்குலம். முந்தைய ஆண்டு முழுவதும் ஆடாமல் உட்கார்ந்திருந்தவர், அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று எறிதல்களை வானத்திலேயே தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். எதிரே டெக்சாஸின் லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ். இன்னும் இரண்டு அங்குலம் உயரம், நிதானமான நடை, மென்மையான கை.

கூடுதல் நேரம் வரை போன ஆட்டத்தை லூசியானா 70-60 என்று வென்றது. தாமஸுக்கு 21 புள்ளிகள், 13 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). ஆல்ட்ரிட்ஜ் எறிந்த 14 பந்துகளில் கூடைக்குள் விழுந்தவை இரண்டே இரண்டு.

மூன்று மாதம் கழித்து, ஜூன் 28 அன்று தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வின் டிராஃப்ட் நடந்தது. 30 தொழில்முறை அணிகளும் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரவு அது. இரண்டாவது வாய்ப்பை வைத்திருந்த சிகாகோ ஆல்ட்ரிட்ஜைத் தேர்ந்தெடுத்து, உடனே போர்ட்லாந்துக்குக் கொடுத்துவிட்டு, நான்காவதாகத் தேர்வாகியிருந்த தாமஸைப் பெற்றுக்கொண்டது. ஆல்ட்ரிட்ஜ் ஏழு முறை ஆல்-ஸ்டார் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார், 20,000 புள்ளிகளைக் கடந்தார். தாமஸின் மிகச் சிறந்த பருவத்தில் அவருடைய சராசரி 10.8 புள்ளிகள். 2010-இல் சார்லட் அணி அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 4 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. மூன்றே ஆண்டில், மிச்சப் பணத்தைக் கொடுத்தே அவரை அனுப்பிவைத்தது. 30 வயது ஆவதற்குள் அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்துபோயிருந்தது.

சிகாகோவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்த ஆட்டத்தைப் பார்த்த யாருக்கும் அதே ஆசை வந்திருக்கும். உடலில் அளவற்ற வலிமை, ஆட்டத்தில் பக்குவமின்மை: இந்த இரண்டும் சேர்ந்த கல்லூரி வீரரைப் பார்க்கும்போது நம் மனம் தானாகவே ஒரு கணக்குப் போடுகிறது. ‘இப்போதே இப்படித் தாவுகிறாரே, ஆட்டத்தையும் கற்றுக்கொண்டால் எங்கே போய் நிற்பார்!’ அந்தக் ‘கற்றுக்கொண்டால்’ என்ற ஒரு சொல்லுக்குள்தான் கோடிக்கணக்கான டாலர்களும் பல பேருடைய வேலைகளும் ஓர் இளைஞரின் இருபதுகளும் அடங்கியிருக்கின்றன. அதைத் தாவல் உயரத்தைக் கொண்டு அளக்கப் போனதுதான் பல அணிகள் சறுக்கிய இடம். இவர் ஏன் இன்னும் பக்குவப்படவில்லை என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது என் கட்சி.

காயாக இருப்பதற்குக் காரணங்கள் பல. ரசல் வெஸ்ட்புரூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அவர் குள்ளமான பையன். பள்ளிப்படிப்பின் கடைசி ஆண்டில்தான் உயரம் வந்தது, எழும்பிப் பந்தைக் கூடைக்குள் திணிக்கும் டங்க் செய்யவும் முடிந்தது. அதுவரை பெரிய கல்லூரிகள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2006-இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, முதலாண்டில் ஆட்டத்துக்குச் சுமார் 9 நிமிடம்தான் கிடைத்தது. 3.4 புள்ளிகள். இரண்டாம் ஆண்டில் 12.7 புள்ளிகளோடு தன் பிரிவின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதையும் வாங்கினார். அவர் எறிதல் அப்போது சுமார்தான், பந்தைக் கையாள்வதிலும் அவசரம் தெரிந்தது. ஆனால் அந்தப் பக்குவமின்மைக்குத் தெளிவான காரணம் இருந்தது: அந்த உடல் அவருக்கே புதிது. கிடைத்த ஒவ்வோர் ஆண்டிலும் அவர் நகர்ந்துகொண்டிருந்தார். 2008-இல் நான்காவதாகத் தேர்வானபோது வியந்தவர்கள் உண்டு. 2017-இல் அவர் என்.பி.ஏ.-வின் மிகமதிப்புமிக்க வீரர்.

இதற்கு நேர்மாறான பக்குவமின்மையும் உண்டு. பன்னிரண்டு வயதிலிருந்தே தன் வயதுப் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரமாக, இரண்டு மடங்கு வேகமாக இருந்த பையனுக்கு இடது கையைப் பயன்படுத்த வேண்டிய தேவையே வந்திருக்காது. பந்தைப் பிடித்ததும் தலையை நிமிர்த்திச் சக வீரரைத் தேடியிருக்க மாட்டார். தேடாமலேயே கூடைக்குப் போய்விடலாமே! பத்தாண்டுகள் ஆடிய பிறகும் அவர் ‘பச்சையாக’ இருப்பதற்கு வாய்ப்புக் கிடைக்காதது காரணமாக இருக்காது, தேவை எழாததே காரணம். பத்தொன்பது வயதில் இருவரும் வீடியோவில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். முதலாமவருக்கு ஆட்டங்கள் தேவை. இரண்டாமவர் ஊறிப்போன பழக்கத்தை முதலில் கழற்ற வேண்டும். அது பன்மடங்கு கடினம்.

கல்லூரி மைதானமும் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றும். அங்கே கூடைக்கு முன்னால் வண்ணம் தீட்டிய பகுதியின் அகலம் 12 அடி, என்.பி.ஏ.-வில் 16 அடி. கல்லூரியில் ஆட்டம் 40 நிமிடம், தாக்குதலுக்கு 30 விநாடி அவகாசம். தொழில்முறையில் 48 நிமிடம், 24 விநாடி. எல்லாவற்றையும்விட முக்கியமானது, என்.பி.ஏ.-வில் 2001-02 பருவம் முதல் இருக்கும் மூன்று விநாடித் தடுப்பு விதி. யாரையும் நெருங்கிக் காக்காத தடுப்பாளர் அந்த வண்ணப் பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. கல்லூரியில் அந்தத் தடை இல்லை. நெடிய வீரர் ஒருவர் கூடைக்கு அடியில் காவல் தெய்வம்போல ஆட்டம் முழுக்க நிற்கலாம்.

ஹஷீம் தபீத் அப்படி நின்றார். தான்சானியாவில் பிறந்து, 15 வயதுவாக்கில்தான் கூடைப்பந்தைக் கையில் எடுத்தவர். 7 அடி 3 அங்குலம். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் தன் பிரிவின் சிறந்த தடுப்பாட்ட வீரராக இரண்டு முறை அறிவிக்கப்பட்டார். 2009 டிராஃப்டில் மெம்பிஸ் அவரை இரண்டாவதாக எடுத்தது. மூன்றாவதாகப் போனவர் ஜேம்ஸ் ஹார்டன், ஏழாவதாகப் போனவர் ஸ்டீபன் கரி. தபீத்தின் என்.பி.ஏ. சராசரி 2.2 புள்ளிகளில் நின்றது. புதிய விதியும், வெளியே பரந்து நின்று எறியும் எதிரணியினரும் அவரைக் கூடையடியிலிருந்து வெளியே இழுத்தபோது, பக்கவாட்டில் நகரும் கால்கள் தேவைப்பட்டன. அந்தக் கால்கள் அவருக்கு வாய்த்திருக்கவில்லை. கல்லூரியில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

தாமதமாகத் தொடங்கியதே தவறு என்று இதைப் படித்துவிடக் கூடாது. கேமரூனின் பாஸ்கல் சியாகம் அதற்குச் சாட்சி. பாதிரியார் பயிற்சிப் பள்ளியில் படித்தவர், பதின்ம வயதின் பிற்பகுதியில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் என்ற, அதிகம் பேசப்படாத இடத்தில் முதல் பருவத்தில் 12.8 புள்ளிகள், இரண்டாவதில் 20.3. டொரண்டோ அவரை 2016-இல் 27-ஆவதாக எடுத்தது. அப்போது அவருக்கு ஏற்கெனவே 22 வயது, அதனால் பல அணிகள் தயங்கின. தொழில்முறையில் முதலாண்டிலேயே துணை லீக்கின் இறுதிப் போட்டியில் சிறந்த வீரரானார், 2019-இல் என்.பி.ஏ.-வின் மிக அதிகம் முன்னேறிய வீரர் விருது, அதே ஆண்டு சாம்பியன் பட்டம். தபீத்தும் ஆண்டுக்கு ஆண்டு புள்ளிகளில் உயர்ந்தவர்தான். ஆகவே முன்னேற்றத்தின் எண்ணிக்கையோடு அது எந்த உடலசைவின் மேல் கட்டப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சியாகம் ஓடினார், சுழன்றார், விழுந்தெழுந்து இரண்டாவது முறையும் தாவினார். வண்ணப் பகுதியின் அகலம் மாறினாலும் அவை கூடவே வரும்.

உடல்திறன் என்றதும் நாம் ஓடிவந்து ஒற்றைக்காலில் எழும்பும் டங்கைத்தான் நினைக்கிறோம். டிராஃப்டுக்கு முன்னால் சிகாகோவில் நடக்கும் சோதனை முகாமில் கைவீச்சு, எட்டும் உயரம், ஓட்டம், தாவல் எல்லாம் அளக்கப்படும். அந்தத் தாள்களில் கவாய் லெனர்ட்டின் அதிகபட்சத் தாவல் 32 அங்குலம். வாய்பிளக்க வைக்கும் எண்ணே அல்ல. ஆனால் கைவீச்சு 7 அடி 3 அங்குலம், விரித்த உள்ளங்கை 11 அங்குலத்துக்கும் மேல். பந்து அவர் பக்கம் வந்தால் ஒட்டிக்கொள்ளும். கெவின் டுரான்ட் 2007-இல் அத்தகைய முகாமில் 185 பவுண்டு எடையை ஒரு முறைகூடத் தூக்கவில்லை. அதற்கும் அவருடைய ஆட்டத்துக்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று. நெரிசலில் இரண்டு காலால் எழும்புதல், முழு வேகத்தில் வந்து சட்டென்று நிற்றல், எதிராளி திரும்பும் திசைக்கு இடுப்பைத் திருப்புதல் ஆகியவைதான் ஒவ்வோர் ஆட்டத்திலும் பத்து இருபது முறை பயன்படும் திறன்கள். தலைக்கு மேல் கூடையை எட்டும் தாவல் ஓர் ஆட்டத்தில் இரண்டு முறை வந்தால் அதிகம்.

இனி எறிதல். பெரும்பாலான கனவுகள் உடைவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இன்றைய என்.பி.ஏ.-வில் வெளியிலிருந்து எறியத் தெரியாத வீரரை எதிரணி காப்பதே இல்லை. அவரை விட்டுவிட்டு மற்ற நால்வரையும் ஐந்து பேராகச் சேர்ந்து அடைக்கிறார்கள். அதனால் அவருடைய தாவலுக்கும் வழி கிடைப்பதில்லை. ஆக, ‘இவருக்கு எறிதல் வருமா?’ என்பதுதான் அணிகளுக்காக வீரர்களைத் தேடும் ஒவ்வொரு ஸ்கவுட்டையும் தூங்கவிடாத கேள்வி. இதற்குக் கல்லூரியில் அவர் தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளின் சதவீதத்தைப் பார்ப்பது இயல்பான ஆசை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே உதவாது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆரன் கோர்டன் 2013-14 பருவத்தில் 45 முறை எறிந்து 16-ஐக் கூடைக்குள் போட்டார். ஏறக்குறைய 36 சதவீதம், நல்ல எண். அவற்றில் மூன்றே பந்துகள் வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போயிருந்தால் 29 சதவீதம், மோசமான எண். மூன்று பந்துகளை நம்பி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்வதா?

அதே பருவத்தில் கோர்டனின் ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி எறிதலைப் பாருங்கள்: 42 சதவீதம். பதினைந்து அடி தூரம், குறுக்கே கை நீட்ட யாரும் இல்லை, அவசரம் இல்லை, எண்ணிக்கையோ 180 முயற்சிகள். கையின் உண்மையான பதம் அங்கேதான் தெரிகிறது. ஆர்லாண்டோ அவரை நான்காவதாக எடுத்தது. முதல் மூன்று பருவங்களிலும் மூன்று புள்ளி எறிதலில் அவர் 30 சதவீதத்தைத் தொடவில்லை. ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டிஸ் வின்ஸ்லோ கதையும் இதுதான். 2015-இல் மூன்று புள்ளியில் ஏறக்குறைய 42 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 64. மயாமி அணியில் முதலாண்டு மூன்று புள்ளி எறிதல் 28 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: அன்றைய கல்லூரியின் மூன்று புள்ளிக் கோடு 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது, தொழில்முறைக் கோட்டின் வளைவு 23 அடி 9 அங்குலத்தில். 2019-20 முதல் கல்லூரிக் கோடு 22 அடிக்குச் சற்று அப்பால் தள்ளிவைக்கப்பட்டதால் இன்றைய எண்கள் அவ்வளவு பொய் சொல்வதில்லை.

சரி, ஃப்ரீ த்ரோவே போதுமா? அப்படிச் சொல்லிவிட்டு எளிதாகத் தப்பித்துவிடலாம் என்றால், மைக்கேல் கிட்-கில்கிரிஸ்ட் குறுக்கே நிற்கிறார். லெனர்ட் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் மூன்று புள்ளியில் 30 சதவீதத்துக்குக் கீழ், ஃப்ரீ த்ரோவில் நான்கில் மூன்று. கிட்-கில்கிரிஸ்ட் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மூன்று புள்ளியில் சுமார் 25 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் அவருக்கும் நான்கில் மூன்று. இருவரும் நெடிய கைகள் கொண்ட முரட்டுத் தடுப்பாளர்கள், இருவரும் உழைப்புக்குப் பெயர்பெற்றவர்கள். லெனர்ட் 2011-இல் 15-ஆவதாகத் தேர்வாகிச் சான் அன்டோனியோவுக்குப் போனார். கிட்-கில்கிரிஸ்ட் தேசியப் பட்டம் வென்ற கையோடு 2012-இல் இரண்டாவதாகச் சார்லட்டுக்குப் போனார். சான் அன்டோனியோவில் சிப் எங்கலண்ட் என்ற எறிதல் பயிற்சியாளர், லெனர்ட் பந்தை விடுவிக்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றினார். முதலாண்டிலேயே 37 சதவீதத்துக்கு மேல் போயிற்று, 2016-இல் 44. சார்லட்டும் சும்மா இருக்கவில்லை. தன் காலத்தின் தலைசிறந்த ஃப்ரீ த்ரோ வீரர்களில் ஒருவரான மார்க் பிரைஸையே துணைப் பயிற்சியாளராக வைத்துப் பார்த்தது. அப்படியும் முதல் சில பருவங்களில் எந்த ஒன்றிலும் பத்து மூன்று புள்ளி எறிதல்கள்கூட கிட்-கில்கிரிஸ்டிடமிருந்து வரவில்லை. தோள் காயங்களும் சேர்ந்துகொண்டன.

வேறுபாடு எங்கே? சதவீதத்தில் இல்லை. லெனர்ட்டின் எறிதலில் கால், இடுப்பு, முழங்கை எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. முடிவில் ஒரு சிறு திருத்தம் போதுமானதாக இருந்தது. கிட்-கில்கிரிஸ்டின் முழங்கை வெளியே பிதுங்கியது, வானத்தில் உடலே முறுகியது, பந்து கையை விடும் முன் ஒரு தடங்கல் தெரிந்தது. சுவரில் விரிசல் விழுந்த வீட்டுக்குப் பூச்சு போதும், அஸ்திவாரம் சாய்ந்த வீட்டை இடித்துத்தான் கட்ட வேண்டும். ஆகவே எண்களை வைத்துக் கேள்வியைச் சுருக்கிக்கொண்டு, பிறகு மெதுவாக ஓடும் வீடியோவில் அந்த முழங்கையைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

கண்ணையும் கவனிக்க வேண்டும். ஒரு வீரர் பந்தைத் தட்டிப் பறிப்பதும் எறிதலைத் தடுப்பதும் கைவேகத்தால் மட்டும் நடப்பதில்லை. எதிராளி என்ன செய்யப் போகிறார் என்பதை அரை விநாடி முன்னே படிப்பதால் நடக்கிறது. அதனால்தான் பக்குவப்படாத வீரர்களிடம் பறிப்புகளின் எண்ணிக்கையைத் தேடுகிறார்கள். அதோடு ஃபவுல்களையும் சேர்த்துப் பார்த்தால், அவர் படிக்கிறாரா, சூதாடுகிறாரா என்பது புரிந்துவிடும். தாக்குதலில் இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு பேர் சூழ்ந்ததும் என்ன செய்கிறார்? நவம்பர் மாத ஆட்டத்தில் அந்த இடத்தில் பந்தை இழந்தவர், பிப்ரவரியில் அதே இடத்தில் மூலையில் நிற்கும் தோழரைக் கண்டுபிடிக்கிறாரா? ஒரே ஆட்டத்தின் சிறந்த பத்துக் காட்சிகளைவிட இந்த இரண்டு மாதங்களுக்கும் இடையிலான தூரம் எனக்கு அதிகம் சொல்கிறது.

அட்லாண்டா ஆட்டத்துக்கு ஒரு வாரம் கழித்து, அரையிறுதியில் யூ.சி.எல்.ஏ.-வின் இறுக்கமான தடுப்பாட்டம் லூசியானாவை 59-45 என்று அடக்கியது. தாமஸ் ஒற்றை இலக்கப் புள்ளிகளோடு நின்றார். அவரைத் தாவ விடாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கான விடை அந்த ஆட்டத்தில் கிடந்தது. ஆனால் எல்லோர் நினைவிலும் தங்கியது அட்லாண்டா ஆட்டம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் சுற்றில் தேர்வாகும் வீரரின் ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் உறுதி, மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். பத்தொன்பது வயதில் எடுத்த காய் இருபத்து மூன்றில் கனிந்தால் எடுத்தவருக்குப் பலன், இருபத்தெட்டில் கனிந்தால் வேறொருவருக்கு. கோர்டன் பின்னாளில் எறிதலைக் கற்றுக்கொண்டார். 2024-25 பருவத்தில் மூன்று புள்ளியில் 40 சதவீதத்தைத் தாண்டினார், அதற்கு முன்பே 2023-இல் சாம்பியன் பட்டமும் பெற்றார். எல்லாம் டென்வர் அணியில். ஏழு ஆண்டுகள் அவரை வளர்த்த ஆர்லாண்டோ அவரை 2021-லேயே கைமாற்றிவிட்டிருந்தது.

போய்ச் சேரும் இடமும் பாதி விதியை எழுதுகிறது. ஜேலன் பிரவுன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் காட்டிய எண்களை மட்டும் பார்த்தால் நான் எச்சரிக்கைதான் செய்திருப்பேன். மூன்று புள்ளி 29 சதவீதம், ஃப்ரீ த்ரோ 65, சக வீரர் கூடை போட வழிசெய்த பாஸ்களைவிட இழந்த பந்துகள் அதிகம். பாஸ்டன் அவரை 2016-இல் மூன்றாவதாக எடுத்து, வென்றுகொண்டிருந்த அணியில் முதலாண்டு ஆட்டத்துக்கு 17 நிமிடம் மட்டும் கொடுத்தது: எதிராளியைக் காத்துக்கொள், மூலையில் நின்று எறி, மற்றதைப் பிறகு பார்க்கலாம். எட்டாவது பருவத்தில், 2024-இல், இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் அவர். வெஸ்ட்புரூக்குக்குக் கிடைத்ததோ நேர்மாறு. அவருடைய முதல் பருவத்தில் அவருடைய அணியான ஓக்லஹோமா சிட்டி 82-இல் 23 ஆட்டங்களே வென்றது, தப்பு செய்து கற்க முழு மைதானமும் அவருக்குத் திறந்திருந்தது.

தாமஸுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. அந்தக் கோடையில்தான் சிகாகோ மூத்த வீரர் பென் வாலஸை வாங்கி, உடனடி வெற்றிக்குத் தயாரானது. முதல் பருவத்தில் தாமஸுக்கு ஆட்டத்துக்கு 13 நிமிடம். மூன்று பருவங்களுக்குள் மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள் மாறினார்கள். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

இன்று அவர் இடத்தில் ஒரு பத்தொன்பது வயதுக்காரர் இருந்தால் கணக்கே வேறு. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் கொண்டு சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் சுற்றின் பின்பகுதியில் கிடைக்கும் சம்பளத்தைவிடக் கல்லூரியில் இன்னோர் ஆண்டு இருந்தால் அதிகம் வரும் என்ற நிலை சிலருக்கு உண்டாகியிருக்கிறது. அணிகளுக்கும் 2017-18 முதல் இருவழி ஒப்பந்தம் இருக்கிறது, துணை லீக்கில் ஆடவைத்தபடியே ஒருவரை வளர்க்கலாம். நான்காவது இடம் உறுதி என்று எல்லோரும் சொல்லும் வீரர் இன்றும் கிளம்பிவிடுவார் என்பதே உண்மை. ஆனால் பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடையில் ஊசலாடும் அந்தத் தாவல்காரர் இன்னொரு குளிர்காலம் கல்லூரியிலேயே தங்கி, இடது கையையும் முழங்கையையும் சரிசெய்துகொள்ளலாம். நமக்கும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது பிப்ரவரி ஒன்று கிடைக்கும். 2006-இல் சிகாகோவிடம் இருந்தது ஒரே ஒரு பருவம்தான்.